ஜோகன்னஸ்பர்க்கில் இலைத் தேயிலை போட முதலில் என்ன பாத்திரம் வாங்குவது?

கேள்வி: இத்தனை நாள் டீ பேக், இல்லாவிட்டால் தூள் டீ. இப்போது ஊரிலிருந்து நீலகிரி இலைத் தேயிலையும் கொஞ்சம் பச்சைத் தேயிலையும் வந்திருக்கின்றன. இங்கே வாங்கிய ரூய்போஸ் என்ற சிவப்பு மூலிகை டீயும் ஒரு பொட்டலம் கிடக்கிறது. வீட்டில் இரண்டு பேர்தான். கடைக்குப் போனால் கண்ணாடி டீபாட், களிமண் கூஜா, இரும்புக் கூஜா, வெப்பநிலை காட்டும் கெட்டில் என்று தலை சுற்றுகிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்:

ஆழமான கூடை வடிகட்டி ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. இப்போதைக்கு இந்த இரண்டையும் வாங்கினால் போதும். மக், டம்ளர், மூடத் தட்டு எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். கூஜாவை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் உங்களுக்கு எந்தத் தேயிலை பிடிக்கிறது, ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் வாங்கும் கூஜா பெரும்பாலும் அலமாரியில்தான் உட்காரும்.

கூடை என்று நான் சொல்வது மக்கின் வாயில் உட்கார்ந்து, கிட்டத்தட்ட அடிவரை இறங்கும் ஸ்டீல் வடிகட்டியை. சங்கிலியில் தொங்குகிற உருண்டை வடிகட்டியை அல்ல. அது விலை குறைவு, பார்க்கவும் அழகு, அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் சுருட்டிக் காயவைத்த இலை வெந்நீரில் ஊறினால் பல மடங்கு இடம் கேட்கும். உருண்டைக்குள் அந்த இடம் கிடையாது. ஓரத்து இலைகள் ஊதி ஓட்டைகளை அடைத்துக்கொள்ள, நடுவில் இருப்பவற்றுக்குத் தண்ணீரே போய்ச் சேராது. டீ போட்ட பிறகு உருண்டையைத் திறந்து நட்டநடுவிலிருந்து ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். முறுக்கு அவிழாமல் கம்பி மாதிரி இருக்கும். சரியாக ஊறிய இலையை விரலால் நீவினால் தட்டையாக விரிந்து நரம்பு தெரியும். டீ சப்பென்று இருக்கிறதே என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் உள்ளே நெரிசல்தான் கூடும்.

கூடையின் வாய் 6.5 முதல் 7 செ.மீ. அகலமும், ஆழம் 7 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கட்டும். அடியில் மட்டுமல்லாமல் பக்கச் சுவரிலும் ஓட்டை வேண்டும், அப்போதுதான் நீர் உள்ளே போய்வரும். மேல் விளிம்பில் இரண்டு காது இருக்கும், அவைதான் மக்கின் மேல் தாங்கும். இந்த நாட்டில் ரஸ்க் முக்கித் தின்ன வசதியாக வாய் அகன்ற மக்குகள் நிறைய. அவற்றில் சில கூடைகள் காது எட்டாமல் உள்ளே விழுந்துவிடும். மக்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூடியோடு வரும் கூடையாக எடுங்கள். ஊறும்போது அது மூடி. டீ ஆனதும் கவிழ்த்து வைத்தால் சொட்டுகிற கூடைக்குத் தட்டு.

அடுத்தது ஓட்டையின் அளவு. இங்கேதான் ரூய்போஸ் வேலையைக் காட்டும். ரூய்போஸ் தேயிலைச் செடியே அல்ல. கேப் டவுனுக்கு வடக்கே சீடர்பெர்க் மலைப்பக்கம் விளையும் புதர். அதன் ஊசி இலையையும் மெல்லிய குச்சியையும் நறுக்கி, பதப்படுத்திச் சிவக்க வைத்தது. ஒவ்வொரு துண்டும் சில மில்லிமீட்டர் நீளம்தான், தடிமனோ ஊசிதான். படுத்துக் கிடக்கும்வரை வலையில் நிற்கும், நெட்டுக்குத்தாகத் திரும்பினால் நழுவிவிடும். நம் வீட்டு டீ வடிகட்டியில் வடித்தால் கடைசி இரண்டு வாய் முழுக்க மண்டியாக வருவது அதனால்தான். மாவு சலிக்கும் சல்லடையைவிட வலை நெருக்கமாக இருக்க வேண்டும். கடையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள்: ஓட்டைகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் ரூய்போஸுக்கு அது ஆகாது. கம்பி வலையைவிட, பொடி ஓட்டை போட்ட மெல்லிய ஸ்டீல் தகட்டில் செய்த கூடை கழுவ எளிது. வலைக்கூடையில் விளிம்பு மடிப்புக்குள் துணுக்குகள் போய் மாட்டிக்கொண்டு பிறகு வெளியே வரவே வராது. நல்ல கூடை கிடைக்கும்வரை, வீட்டு வடிகட்டியின் மேல் பழைய மல்லுத்துணி ஒரு சுற்றுப் போட்டு வடிக்கலாம். அந்தத் துணியைச் சோப்பில் போடாதீர்கள். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் போதும்.

இனி ஜோகன்னஸ்பர்க்குக்கே உரிய விஷயம். நீங்கள் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. கடலோர டர்பனில் கொதிநீர் 100 பாகை. டீ டப்பாவில் எழுதியிருக்கும் "கொதிநீர், 3 நிமிடம்" என்பது டர்பன்காரருக்குச் சரி. உங்களுக்குத் தொடக்கத்திலேயே 6 பாகை நஷ்டம். இதில் பாத்திரமும் தன் பங்குக்குச் சூட்டைத் தின்னும். 350 கிராம் எடையுள்ள கனத்த பீங்கான் மக் ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் 15 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 250 மி.லி. கொதிநீர் ஊற்றி, மக் முழுக்கச் சூடேறும்வரை கணக்குப் போட்டால் நீர் 80 பாகைக்குக் கீழே வந்து நிற்கும். பச்சைத் தேயிலைக்கு அது சரியான சூடு, நீலகிரிக் கறுப்புத் தேயிலைக்குப் போதாது. நிறம் இறங்கும், மணமும் திடமும் வராது. பழி தேயிலை மேல் விழும்.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கெட்டில் கொதித்ததும் மக்கில் பாதி நிரப்பி அரை நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். மீதித் தண்ணீரை மறுபடி கொதிக்கவைத்து, கெட்டில் குமுறிக்கொண்டிருக்கும்போதே இலைமேல் ஊற்றி உடனே மூடுங்கள். டப்பாவில் 3 நிமிடம் என்றிருந்தால் 4 நிமிடம் விடுங்கள். மூடாமல் விட்ட மக்கும் மூடிய மக்கும் ஒரே தேயிலையில் இரண்டு விதமான டீயைத் தரும். ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூடிக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும்.

பச்சைத் தேயிலைக்கு நேர் எதிர். 75 முதல் 80 பாகை போதும்; கொதிநீரை அப்படியே ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் முந்திக்கொண்டு வரும். இதற்காகத்தான் வெப்பநிலை காட்டும் கெட்டிலை விற்கிறார்கள். நமக்குக் கைவந்த வித்தை இருக்கும்போது அது எதற்கு? காபியை ஆற்றுகிற மாதிரி கொதிநீரை ஒரு வெறும் டம்ளரில் ஊற்றுங்கள், அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். ஆறின, கனமான பாத்திரமாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 8 முதல் 10 பாகை குறையும். 94இல் தொடங்கும் உங்களுக்கு இரண்டு மாற்றம் போதும். மெல்லிய ஸ்டீல் டம்ளர் அவ்வளவு சூட்டை இழுக்காது, இன்னொரு முறை மாற்றுங்கள். அந்தக் கெட்டிலை வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: 100 பாகை காட்டினால்தான் அணைவேன் என்று அமைத்த மாடல் உங்கள் ஊரில் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். 93இல் வைத்துப் பழக வேண்டும். மின்வெட்டு நேரத்தில் 2,000 வாட் கெட்டிலை வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் இழுக்கவும் இழுக்காது. காஸ் அடுப்பில் வைக்கிற சாதாரணக் கெட்டில் எந்நாளும் கைகொடுக்கும்.

தராசு ஏன்? தூள் டீயில் ஸ்பூன் கணக்கு ஓரளவு நிற்கும், இலைத் தேயிலையில் நிற்காது. நீளமாக முறுக்கிய இலை ஸ்பூனில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடக்கும், நடுவெல்லாம் காற்று. அதே ஸ்பூனில் ஒருநாள் 1 கிராம் வரும், மறுநாள் டப்பாவின் அடியிலிருந்து எடுத்தால் 2 கிராம் வரும். 200 மி.லி. தண்ணீருக்கு இப்படித் தொடங்குங்கள்: நீலகிரி 2.5 கிராம், குமுறும் கொதிநீர், 4 நிமிடம். பச்சைத் தேயிலை 2 கிராம், ஆற்றிய நீர், 2 நிமிடம். அதே இலையில் இரண்டாம் முறையும் போடலாம். ரூய்போஸ் 3 கிராம், கொதிநீர், 7 முதல் 10 நிமிடம். ரூய்போஸில் துவர்ப்பு குறைவு, மறந்துபோய்க் கால் மணி நேரம் விட்டாலும் கெடாது. கை பழக அதைவிட நல்லது இல்லை. தேயிலை ருசி பார்ப்பவர்களின் சர்வதேச முறை 100 மி.லி.க்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. அது தேயிலையின் குறை நிறை எல்லாம் வெளியே வரட்டும் என்பதற்காக வைத்த கணக்கு. குடிப்பதற்கு அதைப் பின்பற்றினால் வாய் இழுத்துக்கொள்ளும்.

இரண்டு மாதம் கழித்துக் கூஜா வாங்குவதானால் முதலில் அளவு. இரண்டு பேருக்கு 400 மி.லி. போதும். ஒரு லிட்டர் கூஜா வாங்கி ஆளுக்கு ஒரு கப் ஊற்றிவிட்டு மீதியை இலையோடு விட்டால், இரண்டாவது கப் கஷாயம்தான். ஊறிய நேரம் முடிந்ததும் கடைசிச் சொட்டு வரை வெளியே வந்துவிட வேண்டும், அந்த அளவுக்குத்தான் கூஜா இருக்க வேண்டும். பிரெஞ்ச் பிரெஸ் (வலையை அழுத்திக் காபி வடிக்கும் குடுவை) வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இலை அடியில் நீரோடுதான் கிடக்கிறது, உடனே முழுவதையும் ஊற்றிவிடுங்கள். காபி போட்ட பிரெஸ் என்றால் வலையைக் கழற்றித் தேய்த்தால்தான் காபி எண்ணெய் வாடை போகும்.

கடையில் கூஜாவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, முக்கால் நிரப்பி, ஊற்றிக்கொண்டே மூடியில் இருக்கும் சிறு ஓட்டையை விரலால் அடையுங்கள். நீர் நின்றால் மூடி இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. ஊற்றி நிறுத்தும்போது மூக்கின் அடியில் சொட்டு வழிந்து வயிற்றில் ஓடுகிறதா என்று பாருங்கள். மூக்கு நுனி மழுங்கலாக இருந்தால் வழியும், கூராக இருந்தால் பெரும்பாலும் சட்டென்று வெட்டி நிற்கும். நன்றாகச் சாய்த்தாலும் மூடி விழாதபடி உள்ளே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். ஸ்டீல் சாமானுக்கு ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசா, சீனப் பீங்கானுக்கு சிரில்டீன் டெரிக் அவென்யூ என்று ஒரு சுற்று வாருங்கள்.

எந்தப் பொருளில்? உள்ளே பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான்தான் என் தேர்வு. எந்த வாடையையும் பிடித்து வைக்காது, காலையில் நீலகிரி, மாலையில் ரூய்போஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியும் நல்லதுதான், இலை விரிவதைப் பார்க்கலாம். ஆனால் சூடு தாங்கும் கண்ணாடி என்பதற்கு அடையாளமாகப் போரோசிலிகேட் என்று எழுதியிருக்க வேண்டும். ஹைவெல்டு என்ற உங்கள் மேட்டுநிலத்தின் குளிர்காலக் காலையில் சமையலறை சில்லென்று இருக்கும்போது சாதாரணக் கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் அடியில் ஒரு 'டிக்', அவ்வளவுதான். பூச்சில்லாத களிமண் கூஜா மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரே வகைத் தேயிலைக்கு ஒதுக்க வேண்டும், சோப்புப் போடக்கூடாது. உங்களுக்கு இப்போது தேவையில்லை. இரும்புக் கூஜாவில் உள்ளே எனாமல் பூசியிருந்தால் அடுப்பில் வைக்காதீர்கள், பூச்சு வெடித்துத் துருப்பிடிக்கும். மூடியும் தட்டும் உள்ள கைவான் என்ற சீனக் கிண்ணம் அருமையான சாமான், விலையும் குறைவு. ஆனால் 100 மி.லி. கிண்ணத்தை விளிம்பில் பிடித்து மூடியைச் சாய்த்து ஊற்றப் பழகும்வரை விரல் சுடும். முதல் வாரம் குளிர்ந்த நீரை வைத்தே ஊற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபிளாஸ்க்கில் இலையைப் போட்டு வேலைக்கு எடுத்துப் போக நினைத்தால், ரூய்போஸை மட்டும் அப்படிச் செய்யலாம். தேயிலையைச் சூடு ஆறாத பாத்திரத்தில் இலையோடு விட்டால் மதியத்துக்குள் கருத்துக் கசந்துவிடும். வடித்துவிட்டுத்தான் ஃபிளாஸ்க்கில் ஊற்ற வேண்டும்.

கழுவுவது எளிது. கூடையை ஈரத்தோடு தேய்க்காமல், இலை கொஞ்சம் காய்ந்ததும் கவிழ்த்துத் தட்டுங்கள், பாதி உதிர்ந்துவிடும். ஓட்டைகளில் பழுப்பு ஏறினால் ஒரு மக் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வெள்ளியாக வரும். எலுமிச்சையும் வினிகரும் கெட்டிலில் படியும் சுண்ணாம்புக்குத்தான், டீக் கறைக்குச் சோடாதான் கேட்கும்.