காசினோ ரிசார்ட்டில் நேர்காணல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓட்டல் வரவேற்பில் மூன்று வருட அனுபவம் இருக்கிறது. பெரிய காசினோ ரிசார்ட் ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சீட்டாட்டமே தெரியாது. கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தெரியாது என்றே சொல்லுங்கள். வரவேற்பு வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்டில் மட்டும் ஏறக்குறைய 5,000 அறைகள். அந்த அளவு விடுதியில் அறை, சமையல், சலவை, அரங்கு என்று ஏராளமானோர் சூதாட்ட மேசைப் பக்கமே போகாமல் வேலை பார்க்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது பெரும்பாலும் 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்கிற வகைக் கேள்விகளாக இருக்கும். ராத்திரி இரண்டு மணி. மேசையில் பெரிய தொகையை விட்டவர் கவுன்டருக்கு வந்து, 'இவ்வளவு விட்டிருக்கேன், அறை வாடகை எதுக்குத் தரணும்?' என்று சத்தம் போடுகிறார். நல்ல பதில் இது: குரலைத் தாழ்த்தி, வரிசையிலிருந்து அவரைச் சற்று ஒதுக்கமாக அழைத்துப் போய், முழுதும் பேசவிடுவேன். தள்ளுபடி தரும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதால் வாக்குக் கொடுக்காமல் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுவேன். 'அடுத்த தடவை ஜெயிச்சிடுவீங்க' என்று ஆறுதல் சொல்வதாகச் சொல்லிவிடாதீர்கள். மறுபடி ஆடத் தூண்டுகிற பேச்சு அது. நேர்காணலிலேயே உங்களுக்கு எதிராகக் குறித்துக்கொள்வார்கள். அந்த விருந்தாளி 'எல்லாம் போச்சு, இனி இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேசினால், மேனேஜருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் அந்த நிமிடமே தகவல் போக வேண்டும். இதையும் நீங்களாகவே சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். ஒரு பெண் போன் செய்து, 'என் கணவர் உங்கள் காசினோவில் இருக்கிறாரா?' என்று கேட்கிறார். இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. அறை எண் தரவே கூடாது. பெயரைக் கேட்டு, அந்தப் பெயரில் அறை பதிவாகியிருந்தால் அழைப்பை இணைப்பேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சிப் பள்ளியில் ப்ளாக்ஜாக் சீட்டாட்டமும் ரூலெட் சக்கர ஆட்டமும் கற்றிருக்கிறேன். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் வேலைக்கு ஆடிஷன் வைப்பார்களாம். எனக்குக் கை வேகம் குறைவு. எடுப்பார்களா?

பதில்: வேகம் குறைந்தவர்களை எடுப்பார்கள். முறை தவறுகிறவர்களைத்தான் எடுக்க மாட்டார்கள். மேசைக்கு மேலே கேமரா இருக்கிறது. டீலரின் ஒவ்வொரு அசைவும் அந்தக் கேமராவுக்குப் புரிய வேண்டும். ஆடிஷனில் பார்ப்பது அதைத்தான்.

முதலில் பணம் வாங்கும் முறை. ஆட்டக்காரர் கையிலிருந்து நோட்டை நேரடியாக வாங்காதீர்கள், மேசையில் வைக்கச் சொல்லுங்கள். நோட்டுகளை மதிப்பு வாரியாக விரித்து அடுக்கி, தொகையை வாய்விட்டுச் சொல்லி, மேற்பார்வையாளர் பதில் குரல் கொடுத்த பிறகே சிப்ஸை (பணத்துக்குப் பதிலாகப் பந்தயத்தில் வைக்கும் வில்லைகளை) எடுங்கள். சிப்ஸை ஐந்து ஐந்தாகப் பிரித்து, எண்ணிக்கை தெரியும்படி வைத்துவிட்டுத் தள்ளுங்கள். 20 சிப் கொண்ட அடுக்கு ஐந்து ஐந்தாக நான்கு குவியலாகப் பிரிந்து நின்றால், மேலே திரையில் பார்ப்பவருக்கு எண்ணும் வேலையே இல்லை. மேசையை விட்டு நகரும்போது கைகளைத் தட்டி, உள்ளங்கை புறங்கை இரண்டையும் திருப்பிக் காட்டுங்கள். பதற்றத்தில் மூக்கைத் தொட்டுவிட்டாலும், சட்டைப் பையருகே கை போய்விட்டாலும் உடனே அதேபோல் காட்டிவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் தோற்றுப்போகிற நல்ல டீலர்கள் நிறையப் பேர்.

சீட்டு போடத் தொடங்குமுன் அந்த இடத்து விதியைக் கேளுங்கள்: ப்ளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால்) 2-க்கு 3 தருகிறார்களா, 5-க்கு 6-ஆ? ஏஸை 11 ஆக எண்ணி வருகிற 17-இல் டீலர் இன்னொரு சீட்டு எடுப்பாரா, நிற்பாரா? இது தெரிந்து கேட்பவரின் கேள்வி. யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீட்டு போடுவது உங்கள் இடக்கைப் பக்கத்திலிருந்து; கணக்குத் தீர்ப்பது வலக்கைப் பக்கத்திலிருந்து.

கணக்கை வீட்டில் மனப்பாடமாக்குங்கள். 2-க்கு 3 என்றால் பந்தயமும் அதில் பாதியும்: 45-க்கு 67.50, 85-க்கு 127.50. அதே 45-க்கு, 5-க்கு 6 என்ற விதியில் 54 தான். ரூலெட்டில் ஒரே ஓர் எண்ணின் மேல் வைத்தால் 35 மடங்கு, இரண்டு எண்ணுக்கு நடுவே வைத்தால் 17, மூன்றுக்கு 11, நான்குக்கு 8, ஆறுக்கு 5. ஆடிஷனில் பந்து விழுந்த எண்ணைச் சுற்றி வேண்டுமென்றே சிப்ஸைக் குவிப்பார்கள். எண்ணின் மேல் 4, பக்கத்து எண்ணைத் தொடும் இரண்டு ஓரங்களில் மூன்று மூன்று, நான்கு எண்கள் சேரும் ஒரு மூலையில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 140, 102, 40, மொத்தம் 282. பதினேழாம் வாய்ப்பாடுதான் பலருக்கும் இடறுகிறது. 17, 34, 51, 68, 85, 102 என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

தப்பு நேரும், ஆடிஷனில் அதற்காகவே காத்திருப்பார்கள். அதிகமாகக் கொடுத்துவிட்ட சிப்பைச் சத்தமில்லாமல் திரும்ப இழுத்தீர்களானால், கேமராவில் அது திருட்டு மாதிரியே தெரியும். கையை நிறுத்துங்கள். சீட்டும் சிப்பும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒரே வரியில் சொல்லுங்கள். சரிசெய்வது அவர் வேலை. அப்படிச் செய்தவரை, தப்பே செய்யாமல் வேகமாக ஆடியவருக்கு மேலே வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமும்கூட.

மோதிரம், தளர்ந்த வளையல், நீள நகம் வேண்டாம். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சிப்ஸ் மதிப்பை நிறத்தால்தான் பிரிக்கிறார்கள்.

கேள்வி: கேஷியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வங்கி கேஷியர் வேலைக்கும் இதற்கும் நேர்காணலில் என்ன வித்தியாசம்?

பதில்: எண்ணுவதும் கள்ளநோட்டு பார்ப்பதும் அதேதான். வித்தியாசம், பணத்தைத் துண்டு போடுகிற வாடிக்கையாளரைப் பற்றிய கேள்வியில் வரும். அமெரிக்கக் காசினோவில் ஒருவர் ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கமாகப் புழங்கினால் அரசுக்கு அறிக்கை போக வேண்டும். ஒருவர் 9,500 மாற்றிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வேறு கவுன்டரில் மீதியோடு வருகிறார். அல்லது 'எவ்வளவுக்கு மேல் பாரம் நிரப்பணும்?' என்று கேட்கிறார். வரம்பைத் தவிர்க்க அவருக்கு வழி சொல்லித்தரக் கூடாது. சந்தேகம் எழுந்ததையும் அவரிடம் காட்டிக்கொள்ளாமல், குறித்துவைத்து மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன் என்பதுதான் அவர்கள் எதிர்பார்க்கும் பதில்.

கேள்வி: கல்லூரி நாளில் ஒரு அடிதடி வழக்கு, பிறகு தள்ளுபடி ஆகிவிட்டது. கிரெடிட் கார்டு கடனும் கொஞ்சம் இருக்கிறது. மறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து மறைக்காதீர்கள். மேசையிலும் பணத்திலும் கை வைக்கிற வேலைகளுக்குப் பல நாடுகளில் சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பின் உரிமமோ பதிவோ வேண்டும். நிறுவனம் விட்டாலும் அவர்கள் தோண்டுவார்கள். தள்ளுபடியான பழைய வழக்கு பெரும்பாலும் தடையாகாது. அதை மறைத்த பொய் தடையாகும். விண்ணப்பப் பாரத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்று இருக்கிறதா, 'கைதானதுண்டா, வழக்கு இருந்ததுண்டா' என்று இருக்கிறதா என்பதை நிதானமாகப் படியுங்கள். இரண்டும் வேறு. தீர்ப்பு நகல், கடனை மாதாமாதம் கட்டுவதற்கான ரசீது, பழைய முகவரிகள், ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். போதைப்பொருள் பரிசோதனையும் பல இடங்களில் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிட்டால் மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று: 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று கடிதம் வந்தாலும் அது பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். பின்னணி விசாரணை முடிந்து உரிமம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். வாரக்கணக்கில் இழுத்தடிக்கலாம்.

கேள்வி: நாங்கள் என்ன கேள்வி கேட்கலாம்?

பதில்: ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், எவ்வளவு நேரம் நின்றால் இடைவேளை, புகை பிடிக்கும் பகுதியில் வேலை உண்டா, டிப்ஸ் வாங்கலாமா, வாங்கினால் எல்லோருக்கும் பங்கா, ஊழியர் ஆடத் தடை எவ்வளவு தூரம் போகிறது. வார இறுதியும் பண்டிகை நாளும்தான் அங்கே நெரிசல். அன்றைக்கு வர முடியாது என்றால் நேர்காணலிலேயே சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கேள்வி: வெளிநாட்டுக் காசினோவில் வேலை, டெலிகிராமில் நேர்காணல், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் இப்படி அழைத்துப்போய், இணைய மோசடி செய்யச் சொல்லி இளைஞர்களை அடைத்துவைத்தார்கள். 2022-இல் இந்திய அரசே எச்சரிக்கை வெளியிட்டது. சுற்றுலா விசாவில் புறப்படச் சொல்வது, காசினோ வேலை என்று சொல்லிவிட்டு டைப்பிங் வேகம் சோதிப்பது, பின்னணி விசாரணையே இல்லாமல் இரண்டே நாளில் ஆர்டர் தருவது எல்லாம் மோசடிக்கான அடையாளங்கள். மக்காவ் மேசைகளில் டீலர் வேலை அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான். அங்கே டீலராக்குகிறேன் என்று ஒருவர் சொன்னாலே விஷயம் தெரிந்துவிடும். ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் வேலைப் பகுதிக்குப் போய் அந்தப் பதவி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்கள் பெயரில் நேர்காணல் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.