குப்பைமேட்டுக் கசிவுநீரில் விளக்கு எரியுமா?

கேள்வி: குப்பைமேட்டிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரைச் செடிகளாலும் நுண்ணுயிர்களாலும் சுத்தம் செய்து, அதிலிருந்தே மின்சாரமும் எடுக்கலாம் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். இது நடக்கக்கூடியதா?
– ஒரு வாசகி, சென்னைப் புறநகர்

பதில்: நடக்கக்கூடியதே. ஆனால் மகள் சொன்ன இரண்டில் சுத்தம் செய்வதுதான் பெரிய பலன். மின்சாரம் உடன் வரும் சிறு வரவு.

தொட்டியில் சரளைக்கல் பரப்பி, மேலே நாணலோ சம்புவோ கல்வாழையோ நட்டு, கழிவுநீரை வேர்களுக்கிடையே மெல்ல ஊர விடுவது பழைய முறை. அடியில் காற்றுப் புகாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை ஏற்க ஆக்சிஜன் இல்லாததால் வேலை மந்தமாகவே நடக்கும். 1987இல் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் அமெரிக்க அறிஞர் டெரெக் லவ்லி கண்டறிந்த ஜியோபாக்டர் வகையோ, இரும்புத் துருவிடம் எலக்ட்ரானைக் கொடுத்துப் பிழைப்பது. துருவுக்குப் பதில் கிராஃபைட் துண்டுகளை அடியில் இட்டாலும் அவற்றின்மேல் படலமாகப் படிந்து அதே வேலையைச் செய்யும். அங்கிருந்து ஒரு கம்பியை எடுத்து, காற்றுப் படும் மேல்மட்டத்திலுள்ள இன்னொரு கிராஃபைட்டுடன் இணைத்தால், எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஏறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். செடித் தொட்டியையும் இந்த மின்கலத்தையும் ஒன்றாக்கிச் சாயக் கழிவுநீரில் சோதித்த முன்னோடி ஆய்வு, 2012இல் நம் புவனேஸ்வரத்திலிருந்துதான் வெளிவந்தது.

குப்பைமேட்டுக் கசிவுநீர் சாக்கடை நீரைப் போன்றதன்று. கண்ணாடிக் குவளையில் பிடித்தால் கெட்டியான காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். உப்பு மிகுந்திருப்பதால் மின்சாரத்தை நன்கு கடத்துவது இம்முறைக்கு வசதி. ஆனால் அந்த அம்மோனியாவே செடியைக் கருக்கிவிடும் என்பதால், வேறு நீர் கலந்து நீர்க்கச் செய்தே தொட்டியில் விட வேண்டும். புதுக் குப்பையின் கசிவில் பாக்டீரியா எளிதில் தின்னும் கரிம அமிலங்கள் உண்டு. பல்லாண்டு பழைய மேட்டின் கசிவிலோ எளிதில் சிதையாத பொருள்களே மிஞ்சியிருக்கும். அதற்கு இந்தத் தொட்டி மட்டும் போதாது.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 50 மில்லிவாட் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுக்கு 180 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலரை சென்ட் நாணல் படுகை வேண்டும். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தைக் காற்றூதும் இயந்திரங்களே விழுங்குகின்றன. அந்தச் செலவு இங்கே பெருமளவு குறைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டியுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்றது. அங்கே சம்பு தானாகவே வளர்கிறது என்பதற்காக, அந்தச் சதுப்பே கசிவுநீரைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று எவரும் வாதிடக் கூடாது. இம்முறைக்கு, அடியில் நீர் இறங்காதபடி தளமிட்ட தனித் தொட்டிகள் வேண்டும்.

கேள்வி: அத்தொட்டிகளில் அறுக்கும் நாணலை மாட்டுக்குப் போடலாமா?
– அதே வாசகி

பதில்: கூடாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் வேரிலேயே தங்கினாலும், தண்டுக்கும் இலைக்கும் ஒரு பங்கு ஏறும். தீவனமாக மட்டுமன்று, காய்கறித் தோட்டத்துக்கு உரமாகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது.