பேப்பர் இல்லாதவங்க, வேலை, ஜனாதிபதி கையெழுத்து: அமெரிக்க இமிக்ரேஷன் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல அமெரிக்க இமிக்ரேஷன் பத்திதான். அங்கயே இருக்கறவங்க கேட்டது, பிள்ளைய அனுப்பிட்டு இங்க உக்காந்து நியூஸ் பாத்து பயப்படற அப்பா அம்மா கேட்டது, ரெண்டும் கலந்து இருக்கு. ஒரே மாதிரி கேள்விய சேத்து வச்சு பதில் சொல்றேன்.

கேள்வி: சட்டவிரோதமா வந்தவங்க உள்ளூர்க்காரன் வேலைய பறிக்கறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா இல்ல சும்மா அரசியலா?

ரெண்டு பக்கமும் முழு உண்மை பேசறதில்ல. இதுல பொருளாதார ஆளுங்க எப்பவும் எடுத்துக்கற கேஸ் மயாமி. 1980ல கியூபாவோட மரியேல் துறைமுகத்துல இருந்து சுமார் 1.25 லட்சம் பேர் சில மாசத்துக்குள்ள படகுல வந்து இறங்கினாங்க, அதுல பாதி பேர் மயாமிலயே தங்கிட்டாங்க, அந்த ஊர்ல வேலைக்கு இருக்கற ஆளுங்க எண்ணிக்கை சட்டுனு 7 சதவீதம் ஏறிடுச்சு. பொருளாதார ஆராய்ச்சியாளர் டேவிட் கார்டு 1990ல அத ஆராய்ச்சி பண்ணி, உள்ளூர் ஆளுங்க சம்பளம் பெருசா விழலன்னு சொன்னாரு. பல வருஷம் கழிச்சு இன்னொரு பொருளாதார ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் (அவரே சின்ன பையனா கியூபால இருந்து வந்தவர்) அதே டேட்டாவ திரும்ப எடுத்து, ஸ்கூல் முடிக்காத ஆம்பளைங்க சம்பளம் மட்டும் பாத்தா 10ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் விழுந்திருக்குன்னாரு. அவர் எடுத்துக்கிட்ட சேம்பிள் ரொம்ப சின்னதுன்னு மத்தவங்க சண்டைக்கு வந்தாங்க, அந்த சண்டை இன்னும் ஓயல. 2016ல நேஷனல் அகாடமீஸ் (அமெரிக்காவோட பெரிய அறிவியல் அமைப்பு) ரிப்போர்ட் எல்லாத்தையும் அலசிட்டு சொன்னது, மொத்த நாட்டு சம்பளத்துல நீண்ட காலத்துக்கு பாதிப்பு ரொம்ப கம்மி, அடி விழறது ஏற்கனவே வந்திருக்கற குடியேறிகளுக்கும் ஸ்கூல் முடிக்காத உள்ளூர் ஆளுங்களுக்கும்தான். என்னைக் கேட்டா இதுதான் நம்பக்கூடிய பதில். அந்த அடிமட்ட ஆளோட கஷ்டத்த இல்லன்னு சொல்றது தப்பு, அதக் காட்டி மொத்த நாடும் பறிபோச்சுன்னு கத்தறதும் தப்பு.

இன்னொரு விஷயம், ஆள வெளிய அனுப்பிட்டா சம்பளம் தானா ஏறிடும்னு நினைக்கறாங்க இல்ல, அதையும் அமெரிக்கா ஒரு தடவ செஞ்சு பாத்துருச்சு. 1942ல இருந்து மெக்ஸிகோ ஆளுங்கள விவசாய வேலைக்கு சட்டப்படியே கூட்டிட்டு வந்த பிரசெரோ திட்டத்த 1964 கடைசில மூடினாங்க. கலிஃபோர்னியா தக்காளி பண்ணைக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா, கூலிய ஏத்தி உள்ளூர் ஆள வைக்கல, செடிய தரையோட அறுத்து பழத்த உதிர்த்து எடுக்கற மிஷின வாங்கினாங்க, அந்த மிஷின்ல நசுங்காத கெட்டித் தோல் தக்காளி ரகத்த டேவிஸ் யூனிவர்சிட்டி ஏற்கனவே ரெடி பண்ணி வச்சிருந்துச்சு. சில வருஷத்துலயே சாஸுக்குப் போற தக்காளி அறுவடை முழுக்க மிஷினுக்கு மாறிடுச்சு. பின்னாடி நடந்த ஆய்வுல, பிரசெரோ ஆளுங்க நிறைய இருந்த மாநிலத்துலயும் இல்லாத மாநிலத்துலயும் கூலி ஒரே மாதிரிதான் போயிருக்குன்னு தெரிஞ்சுது.

கேள்வி: பேப்பர் இல்லாதவங்க டேக்ஸே கட்டறதில்லயாமே?

கட்டறாங்க. அடுத்தவங்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர்ல வேல செய்யறவன் சம்பளத்துலயும் பென்ஷன் வரி பிடிச்சுடுவாங்க, அந்த பென்ஷன் அவனுக்கு வரவே வராது. 2022ல மட்டும் பேப்பர் இல்லாதவங்க கட்டின எல்லா வரியும் சேத்து சுமார் 9,670 கோடி டாலர்னு ஐடெப்னு வரிக் கொள்கைய ஆராயற அமைப்பு மதிப்பிட்டிருக்கு.

கேள்வி: வேலைக்கு வைக்கற முதலாளிய பிடிச்சா பிரச்சன முடிஞ்சுது, ஏன் பிடிக்க மாட்டேங்கறாங்க?

சரியான கேள்வி. 1986ல ரேகன் கையெழுத்து போட்ட சட்டத்துல ரெண்டு பாதி இருந்துச்சு. ஒண்ணு, ஏற்கனவே இருக்கறவங்களுக்கு மன்னிப்பு, கிட்டத்தட்ட 27 லட்சம் பேர் க்ரீன் கார்டு வாங்கினாங்க. ரெண்டாவது, இனிமே தெரிஞ்சே வேலைக்கு வச்சா முதலாளிக்கு தண்டனை. மொத பாதி நடந்துச்சு, ரெண்டாவது பாதி அந்த ‘தெரிஞ்சே’ல மாட்டிக்கிச்சு. வேலைக்கு சேரும்போது நிரப்பற ஐ-9 ஃபார்ம்ல ஆள் காட்டற கார்டு பாக்க அசல் மாதிரி இருந்தா முதலாளி வாங்கிக்கணும், ரொம்ப நோண்டி இன்னும் பேப்பர் கொண்டான்னு கேட்டா அதுவே பாகுபாடு கேஸ் ஆகலாம். அதனால கார்டு போலியா இருந்தாலும் ஃபைல் சுத்தம். இதுபோக நடுவுல ஒரு கான்ட்ராக்டர வச்சுட்டா, இவன் என் ஆளே இல்லன்னு சொல்லிடலாம். ஆன்லைன்ல செக் பண்ற ஈ-வெரிஃபை இன்னிக்கும் நாடு முழுக்க கட்டாயம் கிடையாது, அரிசோனா மாதிரி சில மாநிலத்துலதான்.

2019 ஆகஸ்ட்ல மிசிசிப்பி கோழிக்கறி ஃபேக்டரிகள்ல ரெய்டு விட்டு ஒரே நாள்ல 680 பேர பிடிச்சாங்க, பசங்க ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல அப்பா அம்மா இல்ல. ஒரு வருஷம் கழிச்சு கேஸ் போட்டது நாலு மேனேஜர் மட்டத்து ஆளுங்க மேல.

இதவிட எனக்கு வயிறு எரியறது 2002ல வந்த ஹாஃப்மன் பிளாஸ்டிக் தீர்ப்பு. யூனியன் சேக்கப் போனான்னு ஒரு தொழிலாளிய கம்பெனி வேலைய விட்டு தூக்கிருச்சு, அது சட்டவிரோதம்னு தொழிலாளர் போர்டே சொல்லி 66,951 டாலர் பாக்கி சம்பளம் குடுக்கச் சொல்லுச்சு. சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ல, அந்த ஆளுக்கு பேப்பர் இல்ல, அதனால காசு கிடையாதுன்னு சொல்லிருச்சு. இப்ப முதலாளி இடத்துல இருந்து யோசிங்க, யாரை ஏமாத்தறது லாபம்? உள்ளூர்த் தொழிலாளியோட கூலிய அமுக்கறது இந்த மாதிரி ஓட்டைங்கதான், பக்கத்துல நின்னு வேல செய்யற மெக்ஸிகோக்காரன் இல்ல.

கேள்வி: ஒபாமா டாகா (சின்ன வயசுல வந்தவங்கள நாடு கடத்தாம விடற திட்டம்) கொண்டு வந்தது சரின்னா ட்ரம்ப் போடற ஆர்டர் மட்டும் எப்படி தப்பாகும்?

இத கேட்டவர் டெக்சாஸ்காரர், கொஞ்சம் கோவமாவே கேட்டிருக்கார், நியாயமான கோவம்தான்.

மொதல்ல அளவுகோல் என்னன்னு பாக்கணும். 1952ல கொரியா போர் நடக்கறப்ப ஸ்டீல் ஆலைங்க ஸ்ட்ரைக்ல நிக்கக் கூடாதுன்னு ட்ரூமன் ஆலைங்களயே அரசாங்கத்துக்கு எடுத்துக்கிட்டார், சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுச்சு. அதுல நீதிபதி ஜாக்சன் எழுதினத இன்னிக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டறாங்க: காங்கிரஸ் (அதாவது அவங்க பார்லிமென்ட்) குடுத்த அதிகாரத்துல ஜனாதிபதி நடந்தா அவர் பலம் உச்சத்துல இருக்கு, காங்கிரஸ் ஒண்ணும் சொல்லலன்னா மங்கலான எடம், காங்கிரஸ் விருப்பத்துக்கு எதிராப் போனா பலம் ரொம்ப கம்மி.

2012 ஜூன் 15ல வந்த டாகா அந்த மங்கலான எடத்துல நிக்குது. சின்ன வயசுல வந்தவங்கள ரெண்டு வருஷத்துக்கு நாடு கடத்த மாட்டோம், வேல பர்மிட் தரோம், அவ்ளோதான், க்ரீன் கார்டும் இல்ல விசாவும் இல்ல. இருக்கற ஆளயும் காசயும் வச்சு எல்லாரையும் அனுப்ப முடியாது, அதனால யாரை மொதல்ல அனுப்பறதுன்னு முடிவு பண்றது நிர்வாகத்தோட வேலை, இதுவரைக்கும் நான் ஒத்துக்கறேன். 2014 நவம்பர்ல அதையே அமெரிக்க சிட்டிசன், க்ரீன் கார்டு பிள்ளைங்களோட பேரன்ட்ஸுக்கும் நீட்டி 40 லட்சம் பேருக்கு மேல பர்மிட் தரேன்னு போனப்ப, டெக்சாஸ் தலைமைல 26 மாநிலம் கோர்ட்டுக்குப் போச்சு, தடை வாங்கிச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட் 4க்கு 4 ஆகி தடை அப்படியே நின்னுருச்சு. மனசு அந்த பேரன்ட்ஸ் பக்கம் இருந்தாலும், அது சட்டம் எழுதற வேலை, ஜனாதிபதி வேலை இல்லன்னுதான் நான் நினைக்கறேன்.

அதே அளவுகோல இந்தப் பக்கமும் வைங்க. மெக்ஸிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார் ட்ரம்ப், காங்கிரஸ் 137.5 கோடிதான் குடுத்துச்சு, 2019 பிப்ரவரி 15ல எமர்ஜென்சி அறிவிச்சு ராணுவத்துக்கு ஒதுக்கின காச எடுத்தார். காசு தர மாட்டேன்னு காங்கிரஸ் சொன்னதுக்கு அப்புறம் எடுத்தது மங்கலான எடம் கூட இல்ல. ஒபாமாவுக்கு கை தட்டிட்டு இதுக்கு கத்தறதும், இதுக்கு கை தட்டிட்டு அதுக்கு கத்தறதும் ரெண்டுமே சரியில்ல.

கோவம் வர வேண்டிய எடம் காங்கிரஸ். 2013 ஜூன்ல செனட்ல ரெண்டு கட்சியும் சேந்து 68க்கு 32ல ஒரு முழு மசோதா பாஸ் பண்ணாங்க, கீழ் சபைல ஓட்டெடுப்புக்கே விடல. அது நடந்திருந்தா இவ்ளோ லட்சம் பேர் ஒவ்வொரு தேர்தல் ராத்திரியும் தூங்காம இருக்க வேண்டியதில்ல.

கேள்வி: நாங்க சட்டப்படி எச்-1பி-ல இருக்கோம், இந்த சண்டைல எங்களுக்கு என்ன?

நிறைய இருக்கு. 2025 செப்டம்பர் 19ல புது எச்-1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு வந்தது சட்டம் இல்ல, ஒரு ஜனாதிபதி கையெழுத்து. அதுக்கு எடுத்தது வெளிநாட்டு ஆள் உள்ள வர்றத நிறுத்தற சட்டப் பிரிவு, அதே பிரிவத்தான் ட்ரம்ப் போட்ட முஸ்லிம் நாட்டுத் தடைக்கும் எடுத்தாங்க, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுச்சு. அப்ப நமக்கில்லன்னு சும்மா இருந்த நம்ம ஆளுங்க நிறைய பேரு. எச்-4ல (எச்-1பி ஆளோட குடும்பத்துக்குத் தர்ற விசா) இருக்கற வைஃப் வேல செய்யற பர்மிட்டும் 2015ல ஒபாமா நிர்வாகம் ரூல் போட்டு குடுத்ததுதான், காங்கிரஸ் சட்டம் இல்ல.

கேள்வி: என் பொண்ண 5 வயசுல எச்-4ல கூட்டிட்டு வந்தோம், இப்ப 19. க்ரீன் கார்டு க்யூ நகரவே இல்ல. டாகால சேக்க முடியுமா?

முடியாதுங்க. 2007 ஜூன் 15ல இருந்தே அமெரிக்கால இருந்து, 2012 ஜூன் 15 அன்னிக்கு சட்டப்படி ஸ்டேட்டஸ் இல்லாம இருந்திருந்தாதான் டாகா. உங்க பொண்ணு வந்ததே அதுக்கு அப்புறம், ஒழுங்கா விசாவோட இருந்ததும் இன்னொரு தடை. ரொம்ப அநியாயம். 21 ஆனா எச்-4 போயிடும். க்ரீன் கார்டுக்கு, மனு பெண்டிங்ல இருந்த நாள வயசுல கழிச்சுக் கணக்கு போட ஒரு சட்டம் இருக்கு, ஆனா 2025 ஆகஸ்ட் 15ல இருந்து அந்தக் கணக்க க்ரீன் கார்டு நிஜமா கிடைக்கற ஃபைனல் ஆக்‌ஷன் தேதிய வச்சு போடறாங்க, முன்ன மாதிரி அப்ளை பண்ண விடற ஃபைலிங் தேதி இல்ல, அதனால இந்தியக் க்யூல இருக்கறவங்களுக்கு இன்னும் இறுக்கம். இந்தப் பசங்களுக்காக கொண்டு வந்த மசோதா 2021லயும் 2023லயும் பாஸ் ஆகல.

நீங்க செய்ய வேண்டியது, காலேஜ் சேரும்போதே எஃப்-1க்கு (ஸ்டூடன்ட் விசா) மாத்தறத பத்தி பேசுங்க, 20 தாண்டற வரைக்கும் தள்ளாதீங்க, மாத்தற அப்ளிகேஷனே மாசக்கணக்குல இழுக்கும். எஃப்-1 ஆனா பார்ட் டைம் வேலைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் ரூல் மாறும், மாநிலத்துக்கு மாநிலம் ஃபீஸும் மாறும், அத காலேஜ் ஆஃபீஸ்லயே எழுத்துல கேட்டு வாங்குங்க. உங்க ஐ-140 (க்ரீன் கார்டுக்கு கம்பெனி போடற மனு) போட்ட தேதி, அப்ரூவல் ஆன தேதி ரெண்டையும் எடுத்துட்டு லைசென்ஸ் இருக்கற அட்டர்னிகிட்ட போங்க. வாட்ஸப்ல கன்சல்டன்ட்னு சொல்லிக்கறவங்ககிட்ட போகாதீங்க.