வாசகர் கேள்வி: கப்பல் ஏறாத பீரங்கிகள்

கே: ஐ.என்.எஸ். மைசூர் குரூசரின் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) பழைய படத்தில் ஒவ்வொரு டரட்டிலும் மூன்று குழல்கள்; நடுக்குழல் மட்டும் உள்ளே தள்ளியிருக்கிறது. படம் பிடித்த கோணமா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: கோணம் இல்லை, அமைப்பே அப்படித்தான். டரட் என்பது பீரங்கிகளோடு சேர்ந்து சுழலும் கவசக் கூண்டு. அதில் நடுக்குழலைச் சுமார் 76 செ.மீ. பின்னால் பொருத்தினார்கள். மூன்றும் ஒன்றாக வெடித்தால், பக்கத்தில் பறக்கும் குண்டின் காற்றலையில் சிக்கி நடுக்குண்டு விலகும், குறி சிதறும். பின்தள்ளினால் அந்தத் தொல்லை குறையும். குண்டேற்றுபவர்கள் தோள் இடிக்காமல் நிற்கவும் இடம் கிடைக்கும்.

மைசூரில் இருந்த இதே 6 அங்குலப் பீரங்கியை (அங்குலக் கணக்கு குழலின் உள்விட்டம்) நான்கு நான்காக அடுக்கி, எடின்பரோ, பெல்ஃபாஸ்ட் கப்பல்களில் 16 குழல் வைக்க பிரிட்டிஷார் முதலில் திட்டமிட்டார்கள். நான்கு குழல் டரட் சரிப்பட்டு வரவில்லை. 12 குழலோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய எடையைக் கவசத்துக்கும் 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் கொடுத்தார்கள். எங்கள் பார்வையில் அது சரியான முடிவு. பெல்ஃபாஸ்ட் லண்டனில் இன்றும் மிதக்கிறது. அதன் படத்திலும் நடுக்குழலைக் கவனித்துப் பாருங்கள்.

கே: 1914-ல் சென்னையைச் சுட்ட எம்டனில் குண்டேற்றும் இயந்திரம் எதுவும் இல்லாமல் அவ்வளவு வேகமாக எப்படிச் சுட்டார்கள்?
- ஒரு வாசகர், களியக்காவிளை

ப: அதில் இருந்தவை பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள். குண்டு 17 கிலோ சொச்சம்தான். ஓர் ஆள் தூக்கிக் குழலில் நுழைத்துவிடலாம்.

கே: தானே குண்டேற்றிக்கொள்ளும் குரூசர் பீரங்கிகள் இரண்டாம் உலகப் போரின்போது வடிவமைக்கப்பட்டு, பிறகு ஏன் ரத்தாயின?
- ஒரு வாசகர், நகரி

ப: மேலே சொன்ன 17 கிலோவை மனதில் வையுங்கள். பிரிட்டனின் டைடோ வகைக் குரூசர்களின் 5.25 அங்குலக் குண்டு 36 கிலோ. அதையும் வெடிமருந்து அடைத்த தோட்டாவையும் தனித்தனியாகக் கையால் தூக்கித் தட்டில் வைக்க வேண்டும். இயந்திரம் உள்ளே தள்ளும். நிமிடத்துக்கு 10 முதல் 12 முறை சுடும் என்று கணக்குப் போட்டார்கள்; நடைமுறையில் 7, 8தான் வந்தது. கை சோர்ந்துவிடும். டரட்டும் மெதுவாகத் திரும்பியதால் வேகமான விமானத்தைத் தொடர முடியவில்லை. டரட் உற்பத்தியும் பின்தங்கியதால் அந்த வகையின் சில்லா, சாரிப்டிஸ் இரண்டும் 4.5 அங்குலப் பீரங்கிகளோடு கடலுக்குப் போயின.

8 அங்குலத்தில் கையால் தூக்கும் பேச்சே இல்லை. அமெரிக்கக் கவசத்துளைக் குண்டு 152 கிலோ, அதாவது மூன்று ரேஷன் அரிசி மூட்டை. பழைய முறையில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலைக் குண்டேற்றும் கோணத்துக்கு இறக்கி, பின்கதவைத் திறந்து, கனன்றுகொண்டிருக்கும் மிச்சம் வெளியேறக் காற்று அடித்து, குண்டைத் தள்ளி, அதன் பின்னே வெடிமருந்துப் பைகளை வைத்து, கதவடைத்து, மீண்டும் குழலை உயர்த்தவேண்டும். காற்று அடிக்காமல் விட்டால் தணல் பையைப் பற்றிக்கொள்ளும். இவ்வளவும் முடிய நிமிடத்துக்கு 3, 4 குண்டுதான்.

அமெரிக்காவின் டெ மாய்ன் வகைக் குரூசர்களில் பைகளுக்குப் பதிலாக உலோக உறையில் மருந்தை அடைத்தார்கள். குழல் எந்தக் கோணத்தில் இருந்தாலும் இயந்திரம் குண்டேற்றும். கதவு தானே மூடும், காலி உறை தானே வெளியே விழும். குழலுக்கு நிமிடத்துக்கு 10 குண்டு! ஆனால் மூன்று குழல் டரட் ஒன்று ஏறத்தாழ 450 டன் ஆனது. அதைத் தாங்க, முந்தைய பால்டிமோர் வகையின் 13,600 டன் கப்பல் 17,000 டன்னாக வளர்ந்தது. போர் 1945-ல் முடிந்ததும் அவ்வளவு பெரிய கப்பலுக்குச் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. மூன்று மட்டும் 1948, 49-ல் முடிந்தன: டெ மாய்ன், நியூபோர்ட் நியூஸ், சேலம். (மாசசூசெட்ஸ் சேலத்தின் பெயர், நம் சேலம் அல்ல.) மற்றவை ரத்து.

விமானத்தையும் கப்பலையும் ஒரே பீரங்கியால் சுடலாம் என்று கட்டிய அமெரிக்காவின் ஊஸ்டர் வகைக் குரூசர்களின் 6 அங்குலப் பீரங்கியோ அடிக்கடி மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு வகைக் குண்டுக்கும் தனித்தனி ஏற்றிகள். நெருக்கமான இடத்துக்குள் நகரும் பாகங்கள் ஏராளம். வாளையார் சோதனைச்சாவடியில் முன்பு ஒரு லாரி நின்றால் பின்னால் வரிசையே நின்றுவிடும் அல்லவா, அதே கதைதான். இரண்டே கப்பல்கள் முடிந்தன. இரண்டும் 1958-ல் ஓய்வு பெற்றன.

கே: கப்பல் ரத்தானாலோ பீரங்கியை மாற்றினாலோ, செய்து வைத்த பீரங்கிகள் பழைய இரும்புக்குப் போகுமா?
- ஒரு வாசகர், செங்கோட்டை

ப: பெரும்பாலும் போகாது. குழலும் டரட்டும் செய்ய ஆண்டுக்கணக்காகும், யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானின் மொகாமி வகைக் குரூசர் 15.5 செ.மீ. பீரங்கிகளோடு வந்தது; 1939-40-ல் அவற்றைக் கழற்றி 20.3 செ.மீ. இரட்டைக் குழல்களை வைத்தார்கள். புதிய குழல் நீளமானதால், இரண்டாம் டரட்டின் குழலைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் முதல் டரட்டின் கூரையில் இடிக்காது. கழற்றிய மூன்று குழல் டரட்டுகள் யமாட்டோ, முசாஷி, ஓயோடோ கப்பல்களில் ஏறின.

நெதர்லாந்து தன் புதிய குரூசர்களுக்காக ஸ்வீடனின் போஃபர்ஸிடம் 15 செ.மீ. பீரங்கிகள் கேட்டிருந்தது. 1940-ல் ஜெர்மனி அந்நாட்டைப் பிடித்ததும் ஸ்வீடன் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ட்ரே குரோனோர் வகைக் குரூசர்களில் பொருத்தியது. டச்சுக் கப்பல்கள் 1953-ல்தான், வேறு போஃபர்ஸ் பீரங்கிகளோடு முடிந்தன. அவற்றில் ஒன்று பெருவுக்கு விற்கப்பட்டு 2017 வரை பணியில் இருந்தது.