பாக்கி கேட்பது யார் வேலை?

கேள்வி: நான் தர்மபுரிக்காரன். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் 13 ஆண்டுகள் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் உலோகம் வெட்டும் இயந்திரங்கள்) பிரிவில் வேலை பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பி.எஃப். பணத்தைப் போட்டு, கடனுக்கு ஓர் இயந்திரம் வாங்கி, பீன்யாவில் ஷெட் பிடித்துச் சொந்தமாக ஜாப் ஒர்க், அதாவது பிற நிறுவனங்களின் உருப்படிகளைக் கூலிக்குச் செய்து தரும் வேலை, செய்து வருகிறேன். மாதம் 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் பில் போகிறது. இயந்திரத் தவணை 68,000, ஷெட் வாடகை 30,000, இரண்டு ஆபரேட்டர்களுக்கு 50,000 போனாலும் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. பழைய சம்பளம் 70,000தான். ஆனாலும் கையில் காசு நிற்பதில்லை. என் மனைவிக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கையே இல்லை. "மறுபடியும் வேலைக்கே போய்விடுங்கள்" என்று வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுகிறாள். அவள் தனியார் பள்ளி ஆசிரியை. ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் நன்றாகப் பேசுவாள் என்பதால், பில் போடுவது, ஜி.எஸ்.டி. தாக்கல், பாக்கிக்குப் போன் செய்வது போன்ற சில்லறை வேலைகளை மட்டும் மாலையில் பார்த்துக்கொள்கிறாள். பணம் வரத் தாமதமானால் வரியைத் தன் கணக்கிலிருந்தே கட்டிச் சமாளித்துக்கொள்வாள். மற்றபடி தொழிலை நான் ஒருவன்தான் சுமக்கிறேன். யாருக்கும் கைகட்டி நிற்காமல் வாழ்வதன் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மனைவிக்குப் புரியவைக்க உங்களிடம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலை முழுதாகத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். எவ்வளவு வர வேண்டும் என்பது பில் போடுகிறவருக்குத் தெரியும்; அதில் எவ்வளவு இன்னும் வரவில்லை என்பது பாக்கிக்குப் போன் செய்கிறவருக்குத் தெரியும்; வராத பணத்துக்கும் சேர்த்து எவ்வளவு கையை விட்டுப் போயிற்று என்பது வரி கட்டுகிறவருக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்த ஒருவர் வாரந்தோறும் எச்சரிப்பதை நம்பிக்கையின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் கணக்கு. நீங்கள் பார்க்காத கணக்கு.

"சில்லறை வேலைகள்" என்று எழுதினீர்களே, அந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மாலையில் செய்கிறார் என்கிறீர்கள். பில் போடுவதும் தாக்கல் செய்வதும் மாலையில் நடக்கலாம். ஆனால் பீன்யாவில் எந்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆறு மணிக்கு மேல் போனை எடுக்கிறார்கள்? ஆகவே உங்கள் மனைவி பாக்கி கேட்டுப் போன் செய்வது பள்ளியின் மதிய இடைவேளையில்தான் இருக்க முடியும். டிபன் டப்பாவை ஒரு கையால் திறந்துகொண்டு, ஆசிரியர் அறையின் மூலையில் நின்றபடி, பர்ச்சேஸ் பிரிவை அழைப்பார். அவர்கள் அக்கவுண்ட்ஸைக் கேட்கச் சொல்வார்கள். அக்கவுண்ட்ஸில், ஸ்டோரிலிருந்து சரக்கு வரவுச் சீட்டு இன்னும் வரவில்லை என்பார்கள். ஸ்டோரில் கேட்டால், நீங்கள் சரக்கோடு கொடுத்தனுப்பிய டி.சி.யில் (டெலிவரி சலானில்) வாங்கியதற்கான முத்திரை இல்லை, அல்லது 200 உருப்படிகளில் நான்கின் துளை அளவு கூடிவிட்டது, அந்த ரிஜெக்‌ஷன் தீரும்வரை பில் நகராது என்பார்கள். துளை அளவு ஏன் கூடியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மணியடித்ததும் வகுப்புக்குப் போவார். யாருக்கும் கைகட்டி நிற்காத வாழ்க்கை என்கிறீர்கள். கைகட்டி நிற்கும் வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டால் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

சொந்தத் தொழில் என்றால் மேலே அதிகாரி கிடையாது என்று நினைத்து வேலையை விட்டவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் ஏராளம். அதிகாரிகள் உண்டு, ஒருவர் இருந்த இடத்தில் பலர் வந்துவிடுகிறார்கள். ஆர்டர் கொடுக்கும் நிறுவனம், தவணை கேட்கும் வங்கி, ஷெட் உரிமையாளர், வரித்துறை என்று ஒவ்வொருவரும் தத்தம் தேதியைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் மாதக் கடைசியில் உங்களுக்குச் சம்பளம் போடுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு, இதை ஏற்றுத் தொழில் செய்கிறவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். அதிகாரியே இல்லை என்று நம்புகிறவர்களின் வீட்டில்தான் வேறொருவர் அந்த அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் 3 லட்சத்துக்கு வருகிறேன். அதற்குள் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, சேராததா? உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. உங்களுக்கே தெரியுமா என்றும் எனக்குச் சந்தேகம். வாடிக்கையாளரிடமிருந்து வசூலிக்கும் வரி ஒரு நாள்கூட உங்கள் பணம் அல்ல. ஜாப் ஒர்க் என்பது சட்டத்தின் பார்வையில் சேவை; சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு கட்டாயம், நீங்கள் 36 லட்சத்தில் இருக்கிறீர்கள். மாதத் தாக்கல் செய்கிறவர், ஒரு மாதம் போட்ட பில்களுக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா, மூன்று மாதம் இழுக்கிறாரா என்று அரசு கேட்காது. அந்த இடைவெளியைத்தான் உங்கள் மனைவி தன் சம்பளத்தால் அடைத்துக்கொண்டிருக்கிறார். அதைச் "சமாளித்துக்கொள்வாள்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். வட்டியில்லாமலும் சீட்டில்லாமலும், திரும்ப வருமா என்ற உறுதியுமில்லாமல், ஓர் ஆசிரியை பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் உங்கள் தொழிலின் உண்மை நிலை.

நீங்கள் எழுதிய மூன்று செலவுகளைக் கழித்தால் 1,52,000 வருகிறது. பழைய சம்பளத்தைப்போல இரு மடங்குக்கு மேல் என்று மனத்தில் பதிந்துவிட்டது. மின்கட்டணம் எங்கே? இன்செர்ட் என்னும் வெட்டும் முனை, கூலண்ட், ஆயில் எங்கே? சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிச் செலவும், ரிஜெக்‌ஷனுக்காக வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ளும் தொகையும் எங்கே? நீங்கள் கடன் கட்டி முடிக்கும்போது அந்த இயந்திரத்துக்கும் வயதாகியிருக்கும். அடுத்ததற்கு மாதாமாதம் எதை எடுத்து வைக்கிறீர்கள்? தவிர, வாடிக்கையாளர் நிறுவனங்கள் உங்கள் பில்லில் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத டி.டி.எஸ்.ஸோடு வருமான வரி முடிந்துவிடுவதும் இல்லை.

பழைய சம்பளம் 70,000 "தான்" என்றீர்கள். கையில் வந்தது அவ்வளவு. அதற்கு மேல், உங்கள் பெயரில் நிறுவனமும் தன் பங்காக பி.எஃப்.பில் 12 சதவீதம் போட்டு வந்தது. பி.எஃப். உறுப்பினர் பணியிலிருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடும் அந்தக் கணக்கோடு சேர்ந்தே இருந்தது; அதற்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. வேலையை விட்ட அன்று அதுவும் போயிற்று. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கும். அதற்கு ஈடாக என்ன எடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், அதற்கான சிகிச்சைச் செலவைத் தரக் காப்பீட்டு நிறுவனங்கள் 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம், ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கே நட்டம்.

இப்போது, நீங்கள் செய்ய வேண்டியது. நாளையிலிருந்து பாக்கி கேட்கும் போனை நீங்களே செய்யுங்கள். கன்னடம் வராது என்பதை நான் ஏற்க மாட்டேன்; 15 ஆண்டுகள் இந்த ஊரில் உழைத்துச் சோறு தின்றவருக்கு, தன் பணத்தைக் கேட்கிற அளவுக்கு மொழி வந்திருக்க வேண்டும், வராவிட்டால் கற்றுக்கொள்வது உங்கள் கடமை. மூன்று மாதங்களுக்கு பில்லும் வரித் தாக்கலும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். சந்தேகம் வந்தால் மனைவியைக் கேளுங்கள். அவர் உங்களுக்குச் சொல்லித்தருவார், செய்து தர மாட்டார். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பீர்கள். பக்கத்தில் கணக்குப் புத்தகத்தையும் வைத்துக் கும்பிடுவதுதானே நம் வழக்கம்? அந்தப் புத்தகத்தைத் திறந்து படிப்பதும் தொழில்தான்.

சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடமும் ஒன்று உண்டு. அதை நீங்கள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. உத்யம் என்னும் மத்திய அரசின் சிறு தொழில் பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்திலேயே முடித்துவிடலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, அப்படிப் பதிந்த குறு, சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பீர்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்காமலும் இந்தச் சட்டம் வேலை செய்யும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை, வாங்கிய நிறுவனம் தன் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. ஜி.எஸ்.டி.யிலும், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லின் வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகையை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவூட்டுவார். இரண்டு ஆண்டுகளாக மதிய இடைவேளையில் கெஞ்சிக்கொண்டிருந்த பெண்மணிக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்க வேண்டியவர் முதலாளி என்று சொல்லிக்கொள்ளும் நீங்கள்.

தொழிலுக்கென்று தனி நடப்புக் கணக்கு இல்லாவிட்டால் தொடங்குங்கள். வரிப்பணம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாறிவிட வேண்டும். மனைவியின் சம்பளம் இனி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இதுவரை அவர் போட்ட தொகை முழுவதையும் அவரிடமே கேட்டு எழுதி, தேதி போட்டு, தவணை வைத்துத் திருப்பிக் கொடுங்கள். குடும்பத்துக்குள் என்ன கணக்கு என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒருவர் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில், கொடுக்காதவர் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு வருகிறது. கணவனின் தொழிலுக்கு மனைவி உதவுவதை நான் குறை சொல்லவில்லை. அதில்லாமல் இந்த நகரத்தில் பாதி ஷெட்டுகள் திறந்திருக்காது. அந்த உதவியை வேலை என்று ஒப்புக்கொள்ளாததைத்தான் குற்றம் என்கிறேன். பில்லும் தாக்கலும் வசூலும் பார்க்க ஒரு பகுதிநேரக் கணக்காளர் என்ன கேட்பார் என்று பக்கத்து ஷெட்டில் விசாரித்து, அந்தத் தொகையை உங்கள் மாதச் செலவில் எழுதுங்கள். அதைக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் உங்கள் வருமானம்.

அந்த எண்ணை மார்ச் முடியும்வரை மாதந்தோறும் எழுதி வாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனோ மகளோ இருந்தால் அவர்களை விளையாட அனுப்பிவிட்டு, தாளை மனைவியின் முன்னால் வையுங்கள். புரியவைக்க முயலாதீர்கள்; அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பழைய வேலையில் வந்ததும் நிறுவனம் போட்டதும் சேர்ந்த தொகையை உங்கள் எண் எட்டியிருந்து, அவருக்கும் சம்மதமிருந்தால் தொழிலை நடத்துங்கள்; அப்போது ஆடிட்டரைக் கலந்து, மனைவியைப் பங்குதாரராகச் சேர்ப்பதா, அதனால் தொழில் கடன் அவர் தலையிலும் விழுமே என்று விடுவதா என்பதை இருவருமாக முடிவு செய்யுங்கள். எட்டவில்லை என்றால் வேலைக்குத் திரும்புங்கள். 13 ஆண்டு அனுபவமுள்ள சி.என்.சி. ஆளுக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கும். ஷெட் வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்று போட்டிருக்கிறது, முன்பணம் எப்போது திரும்ப வரும், இயந்திரக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி என்ன பிடிக்கும், கடன் பத்திரத்தில் உங்கள் மனைவியின் கையெழுத்தும் இருக்கிறதா என்பதையெல்லாம் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.