340-க்கும் 432-க்கும் நடுவே

கேள்வி: ஜெர்மனியில் ஜனநாயகம் சர்வாதிகாரமாக மாறிய பாடம் நடத்துகிறேன். "மக்கள்தானே ஓட்டுப் போட்டு ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு சமூக அறிவியல் ஆசிரியை

பதில்: இல்லை என்று சொல்லுங்கள். 1932 நவம்பரில் நாஜிக் கட்சி வாங்கியது 33.1 சதவீதம், அந்த ஜூலையில் வாங்கியதைவிடக் குறைவு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். அமைச்சரவையில் நாஜிகள் மூன்றே பேர், அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் சான்சலர் பாப்பன் போன்றவர்கள் போட்ட கணக்கு அது.

1923-ன் பணவீக்கத்தில் பாடத்தைத் தொடங்காதீர்கள். கூடை கூடையாக நோட்டு என்ற படம் பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 1928-ல் இதே கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். அதைத் தூக்கிவிட்டது 1929-க்குப் பிறகு வந்த வேலையின்மை. நாடாளுமன்றமும் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தது. 1932-ல் அது நிறைவேற்றிய சட்டங்கள் 5. அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவின்படி ஜனாதிபதி போட்ட அவசர ஆணைகளோ 60-க்குக் குறையாது.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு. 1933 மார்ச் தேர்தலில் மொத்த இடம் 647. நாஜிகள் 288, கூட்டாளிகளான தேசியவாதிகள் 52, ஆக 340. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். முழு அவையில் 432. குறையும் 92 எங்கிருந்து வந்தது? பிள்ளைகளே தேடட்டும். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள் வந்த ஆணை கைதுகளுக்கு வழி திறந்தது. கம்யூனிஸ்டுகள் 81 பேரும் அவைக்கு வர முடியவில்லை. அவைக்கு வராமல் இருந்தே வாக்கெடுப்பைத் தடுத்துவிடக் கூடாது என்று, காரணம் சொல்லாமல் வராதவரையும் வந்ததாகவே எண்ணும்படி அவை விதி திருத்தப்பட்டது. கத்தோலிக்கர்களின் மையக் கட்சியோ ஹிட்லரின் வாய்மொழி வாக்குறுதியை நம்பியது. எழுத்தில் தருவதாகச் சொன்ன கடிதம் வரவே இல்லை. மார்ச் 23 அன்று ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். சீருடை அணிந்த நாஜிப் படையினர் சூழ்ந்து நிற்க, அவர்கள் சார்பில் எழுந்து எதிர்த்துப் பேசியவர் ஓட்டோ வெல்ஸ்.

யாரையும் ஹிட்லராக நடிக்க விடாதீர்கள். வகுப்பு கைதட்டும், பாடம் போய்விடும். நாலைந்து பேரை மையக் கட்சி உறுப்பினர்களாக உட்கார வையுங்கள். 'கடிதம் வரவில்லை, வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது' என்று சொல்லி, முடிவையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். 'ஆம்' என்று எழுதியவர்களைக் கண்டிக்க வேண்டாம். அவர்கள் எழுதிய காரணத்தை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.