பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி விடுதியில் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருபது பேர் இருக்கிறார்கள். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஊருக்குப் பணம் அனுப்பத்தான் மாதாமாதம் கடையில் கமிஷன் அழுகிறார்கள். போனில் யுபிஐ போட்டால் கணக்கே காட்டுவதில்லை. என்ன வழி?
- விடுதிக் காப்பாளர், திருப்பூர்

பதில்: முதலில் சிம்மைப் பாருங்கள். ஊரில் கணக்குத் தொடங்கும்போது கொடுத்த எண் ஒன்று, இங்கே வந்து இறங்கியதும் வாங்கிய எண் வேறு. யுபிஐ செயலி போனிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வங்கியில் பதிந்த எண்தானா என்று சோதிக்கும். எண் மாறினால் கணக்கு வராது. இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தொட்டாலும் இதே கதிதான். எஸ்எம்எஸ் வசதி இல்லாத மலிவு ரீசார்ஜ் என்றால் அந்தச் செய்தி போகவே போகாது.

பழைய சிம் கிடைத்தால் அதையே போடுங்கள். ஏடிஎம் கார்டின் கடைசி 6 இலக்கங்களும் காலாவதி மாதம், வருடமும் கொடுத்தால் யுபிஐ பின் நம்பர் அமைக்கலாம். கார்டு இல்லாதவர் ஆதார் ஓடிபி மூலம் அமைக்கலாம். அதற்கு ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

சிம் தொலைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்கு விற்கவும் செய்யும். அப்புறம் இவருடைய ஓடிபி அந்த ஆளுக்குப் போகும். வங்கிக் கிளையில் எண்ணை மாற்றுங்கள். ஆதாரில் மாற்ற எந்த ஊர் ஆதார் மையமும் போதும். பழைய எண் தேவையில்லை, கைரேகை வைத்தால் சரி.

இங்கே சிக்னல் கிடைக்கவில்லை என்பதற்காகப் புது எண் வாங்க வேண்டியதில்லை. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும்; அதைப் புது நிறுவனத்திடம் கொடுத்து, அதே எண்ணோடு மாறலாம். 2015 ஜூலையிலிருந்து மாநிலம் தாண்டியும் இது செல்லும்.

சம்பள நாளன்று தொடங்காதீர்கள், இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். புதிதாகப் பதிந்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்தான் உச்சவரம்பு. முதலில் 10 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

பின் நம்பர் பணம் போவதற்கு மட்டுமே, வருவதற்கு அல்ல. "பரிசு வந்திருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடு" என்றால் பணம் பறிபோகிறது என்று அர்த்தம். ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேச வேண்டும். நேரம் போகப் போக மீட்பது கடினம். உதவுகிற நீங்களும் அவர்கள் பின்னைக் கேட்காதீர்கள். அவர்களே அடிக்கட்டும், நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவர்களுக்கு இங்கே ரேஷன் அரிசி கிடைக்குமா?
- அதே வாசகர்

பதில்: கிடைக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் தொடங்கியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டையாகவும், அதில் ஆதார் இணைந்தும் இருக்க வேண்டும். அட்டையைக் கொண்டுவர வேண்டாம், எண் போதும். தலைக்கு 5 கிலோ என்ற கணக்கில் நான்கு பேர் அட்டைக்கு 20 கிலோ. இங்கே 5 வாங்கினால் ஊரில் வீட்டாருக்கு 15. தமிழக அரசு தரும் பருப்பு, எண்ணெய் இதில் சேராது. சாயப்பட்டறை வேலையில் ரேகை தேய்ந்து மெஷின் ஏற்கவில்லை என்றால், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.